ம வந்ததும் மூச்சு தீர்ந்துபோகிறது!

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. பல்லடத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே புல்லாங்குழல் மேல் ஆசை, இப்போதுதான் கைகூடியது. எட்டு மாதமாக ஞாயிறுதோறும் ஓர் ஆசிரியரிடம் போகிறேன். சரளி, ஜண்டை என்ற ஆரம்பப் பயிற்சிகள் முடிந்து மலகரி ராகத்தில் முதல் கீதம் (எளிய பாடம்) நடக்கிறது. ஸ ரி க வரை சுலபமாக வருகிறது. ம என்றதும் மூச்சு மொத்தமும் போய்விடுகிறது. கீதத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடிவதற்குள் நின்றுவிடுகிறேன். பத்து நிமிடம் ஊதினால் தலை கிறுகிறுவென்று வருகிறது. ஆசிரியர் "தம் கட்டி ஊதும்மா" என்கிறார். பலூன் ஊதிப் பழகச் சொல்கிறார் ஒருவர், பிராணாயாமம் செய்யச் சொல்கிறார் இன்னொருவர். "பொம்பளைக்கு அத்தனை தம் ஏது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். சிறு வயதில் எனக்கு வீசிங் இருந்தது, இப்போதும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். நான் தொடரலாமா? வருகிற தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்ப் பஜனைக் குழு பழனிக்குப் பாதயாத்திரை போகிறது. இரண்டு பாட்டாவது கூட வாசிக்க ஆசை. நடக்குமா?

பதில்: தொடரலாம் அம்மணி. வீசிங் விஷயத்தில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். உங்களிடம் மூச்சு இருக்கிறது. அது குழலுக்குள் போகாமல் வெளியே சிந்துகிறது. இந்தப் பதில் முழுக்க அந்தச் சிந்தலை நிறுத்துவது பற்றித்தான்.

முதலில் வீட்டில் கேட்ட கேள்விக்கு. சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும் பல பத்தாண்டுகள் மேடையில் ஜோடியாகக் குழல் வாசித்தவர்கள். 2002-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார்கள். மாலி என்று நாம் சொல்லும் டி.ஆர். மகாலிங்கம் 1933-இல் மயிலாப்பூரில் முதல் கச்சேரி செய்தபோது ஏழு வயதுப் பையன். ஏழு வயதுப் பையனின் நுரையீரல் எவ்வளவு கொள்ளும்? உங்களுடையதில் பாதி தேறினால் பெரிது. உங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த பல்லடம் சஞ்சீவ ராவையும் (1882–1962) வீட்டில் நினைவுபடுத்துங்கள். புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்திய கும்பகோணம் சரப சாஸ்திரியின் சீடர் அவர். பல்லடத்துக்காரர்களுக்குக் குழல் அந்நியமான வாத்தியம் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் இழுப்பது அரை லிட்டர் அளவு. நிறைய இழுத்து நிறைய விட்டால் வளர்ந்தவர்களுக்கு 3 முதல் 5 லிட்டர் வரை வரும்; உயரம், வயது, ஆண் பெண் என்பதைப் பொறுத்து மாறும். அந்த 3 லிட்டரே ஒரு கீதத்துக்குத் தாராளம். ஆனால் காற்றை அதிகம் வீணடிக்கக் கூடிய காற்றுவாத்தியங்களில் குழலும் ஒன்று. நாதஸ்வரத்தில் சீவாளி என்ற நாணல் ஊதுவாய் உதட்டுக்குள் இருக்கிறது; ஊதுகிற காற்றுக்கு அது தடை போடும். அதனால் அங்கே அழுத்தம் அதிகம், செலவாகும் காற்று குறைவு. பேரூர்க் கோயிலில் நாயனக்காரர் நீண்ட பிடிகளை அப்படி வாசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குழலில் சீவாளி கிடையாது. உதடு திறந்த அளவுக்குக் காற்று போகும். வாய் வைத்து ஊதுகிற துளையின் எதிர் விளிம்பில் படுகிற காற்றுதான் நாதமாகும், மற்றதெல்லாம் கன்னத்துப் பக்கம் போய்விடும். பயிற்சி இல்லாத உதடு பெரிய காற்றை அகலமாக விடுகிறது. கிணறு அதேதான், தண்ணீரும் அதேதான்; வாய்க்காலில் திறந்துவிட்டால் நாலு தென்னைக்குள் வற்றிவிடுகிற தண்ணீர் சொட்டுநீர்க் குழாயில் தோப்பு முழுக்கப் பாயவில்லையா? உங்கள் உதடு இன்னும் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது.

இனி அந்த ம. நீங்கள் இவ்வளவு சரியாக இடத்தைக் குறித்து எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் நோய் அங்கேதான் இருக்கிறது. நம் கர்நாடகக் குழலில் ஸ-வுக்கு இரண்டு துளை மூடுகிறோம், க-வுக்கு எல்லாம் திறப்பு. அடுத்த ம-வுக்கு ஆறு விரலும் ஒரே சமயத்தில் விழ வேண்டும். அந்த ஆறு விரல் நிலையில் மெதுவாக ஊதினால் பேசுவது மந்திர ஸ்தாயி, அதாவது கீழ்ஸ்தாயி ம. நடுவிலுள்ள மத்திய ஸ்தாயி ம வேண்டுமானால் அதே விரலில் காற்று வேகமாகப் போய் விளிம்பில் மோத வேண்டும். பாடுபவருக்கு க-விலிருந்து ம ஒரு சின்னப் படி. குழல்காரருக்கு அது ஒரு வாசலைத் தாண்டுவது. ஆரம்பத்தில் எல்லோரும் இந்த இடத்தில் வயிற்றை எக்கிப் பலமாக ஊதுகிறார்கள். ம பேசும், ஆனால் கீச்சென்று சுருதி ஏறிப் பேசும். அடுத்த ப-வுக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு உங்கள் மலகரி கீதம் தொடங்குவதே ம ப என்றுதான். தொடங்கின ஆவர்த்தனத்திலேயே தார ஸ்தாயி, அதாவது மேல்ஸ்தாயி ரி வரை போகிறது. தம் தீர்ந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

காற்றின் வேகம் கூட வேண்டும், அளவு கூடக் கூடாது. உதட்டுத் துவாரத்தைச் சிறிதாக்கி, உதட்டை விளிம்புப் பக்கம் லேசாக முன்னால் கொண்டுபோனால் அதே காற்று வேகமாகப் போகும். இதைக் கற்க ஒரு வாரம் கீதத்தை ஓரமாக வையுங்கள். ஆறு துளையையும் மூடி மந்திர ம-வை நிதானமாக ஊதுங்கள். அது கரகரத்தாலோ பேச மறுத்தாலோ மூச்சின் மேல் பழி போடாதீர்கள். எங்கோ ஒரு விரல் சரியாக மூடவில்லை, பெரும்பாலும் மோதிர விரல். விரலைத் தட்டையாக வைத்துப் பாருங்கள். மந்திர ம தெளிவாக நின்ற பிறகு, வயிற்றில் எதையும் கூட்டாமல் உதட்டை மட்டும் மெல்லக் குவித்துக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் நாதம் தானாகவே தாவி மத்திய ம-வில் உட்காரும். மறுபடி உதட்டைத் தளர்த்தினால் கீழே இறங்கும். மேலும் கீழுமாக இப்படிப் பழகுங்கள். தாவுகிற அந்தக் கணத்தில் செலவாகும் காற்று குறைவதை நீங்களே உணர்வீர்கள். அது பிடிபட்ட பின் ஸ ரி க ம மட்டும் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். இரண்டாம் காலத்துக்கு அவசரம் வேண்டாம்.

குழல் இல்லாமலும் இதைப் பழகலாம், கம்பெனி பஸ்ஸில் போகும்போதுகூட. உள்ளங்கையை முகத்துக்கு முன் ஒரு சாண் தள்ளி வைத்து ஊதுங்கள். கை முழுக்கப் பரவி, வெதுவெதுப்பாகப் பட்டால் உதடு அகலமாக இருக்கிறது. கையில் ஒரு புள்ளியில் மட்டும், சில்லென்று பட வேண்டும். அந்தப் புள்ளி நடுங்காமல் நிற்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் உங்கள் துவாரம் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் கோணுகிறதா என்பதும் தெரியும். கோணினால் தப்பில்லை, பலருக்கு அப்படித்தான். குழலை அதற்கேற்ற மாதிரி நகர்த்திக்கொண்டால் போதும்.

கிறுகிறுப்புக்குக் காரணமும் இதேதான். நிறையக் காற்று வெளியே போகிறது, அதை ஈடுகட்ட நீங்கள் வேகவேகமாக, ஆழமாக இழுக்கிறீர்கள். அப்போது இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகிற இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மதமதக்கும். காற்றுப் போதாமல் வருவதல்ல இது, காற்று மிகுந்து வருவது. ஆகவே தலை சுற்றும்போது "இன்னும் நல்லா இழு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழலைக் கீழே வைத்து, உட்கார்ந்து, வாயை மூடி மூக்கால் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். தெளிகிற வரை எழுந்து நடக்க வேண்டாம். உதடு பழகப் பழக இது குறைந்துகொண்டே வரும். ஒன்றரை ஷிப்டு முடித்து வெறும் வயிற்றோடு வந்து குழலை எடுக்கிறீர்கள் என்றால் அதுவும் தலை சுற்றலுக்குத் துணை போகும். ஏதாவது லேசாகச் சாப்பிட்டு, அரை மணி கழித்து உட்காருங்கள். முக்கால் மணி நேரம் ஒரே மூச்சில் வாசிப்பதைவிடப் பத்து நிமிடம், இடைவெளி, மறுபடி பத்து நிமிடம் என்பது உங்களுக்கு நல்லது. குழலைத் தொடாத நேரத்திலும் தலை சுற்றினால், அல்லது நெஞ்சில் வலி வந்தால், மருத்துவரைப் பாருங்கள். அதற்கு இசை ஆசிரியர் பதில் சொல்ல முடியாது.

உங்கள் ஆசிரியரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "தம் கட்டு" என்று அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்பவர்கள் தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள், அதுதான் ஆபத்து. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா பக்கவாட்டில் விரிகிறது, வயிறு சற்று முன்னே வருகிறது. தோள் ஏறக் கூடாது. இது தெரிய வேண்டுமானால் தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு கை, கீழ் விலாவின் மேல் ஒரு கை வைத்துப் பாருங்கள். படுத்த நிலையில் தோளைத் தூக்குவது கடினம் என்பதால் உடம்பு தானாகவே சரியாகச் செய்யும். ஊதும்போது, இழுத்த வேலையைச் செய்த தசைகள் ஒரேயடியாகக் கைவிட்டால் காற்று குபுக்கென்று போய்விடும். விரிந்த விலாவை விரிந்தபடியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். தம் கட்டுவது என்றால் இந்த விலாவைத்தான் கட்ட வேண்டும். தொண்டை கொட்டாவி விடும்போது இருக்கிற மாதிரி திறந்தே இருக்கட்டும்.

இதற்குப் பயிற்சி: ஆதி தாளம் போட்டுக்கொண்டு, பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று காற்றை விடுங்கள். எத்தனை அட்சரம் (தாள எண்ணிக்கை) போகிறது என்பதைவிட முதல் தட்டிலும் கடைசி வீச்சிலும் சத்தம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு குழலில் ஸ-வை அப்படியே நிறுத்துங்கள், சுருதிப் பெட்டியோடு. மூச்சு முடியப்போகிற நேரத்தில் ஸ கீழே இறங்கும். காற்றின் வேகம் குறைந்தால் குழலில் சுருதி இறங்கித்தான் ஆகும். அப்படி இறங்குகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். இறங்கின சுருதியைக் காதுக்குப் பழக்கிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. சுருதி நிற்கிற வரைக்கும்தான் உங்கள் மூச்சின் நீளம் என்று கணக்கு வையுங்கள். அது நாலு அட்சரமானாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் ஆறாகும்.

கீதத்துக்கு வருவோம். மூச்சு தீர்ந்த பிறகு எடுப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். தீர்வதற்கு முன்பே எடுக்க வேண்டும். நுரையீரல் ஏறக்குறைய காலியான நிலையில் காற்றைச் சீராகத் தள்ள உடம்பு படாத பாடு படும், அடுத்த இழுப்பும் அவசரமாக, சத்தமாக, தோளைத் தூக்கித்தான் வரும். ஆகவே சுர நோட்டில் பென்சிலால் மூச்சு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரூபக தாளம் உங்களுக்கு வசதி. முதல் ஆவர்த்தனம் "கணநாத" என்று சொல் முடிகிற இடத்தில் முடிகிறது. அங்கே எடுங்கள். சாகித்தியத்தில், அதாவது பாட்டு வரியில், சொல்லை உடைத்து நடுவில் எடுக்க வேண்டாம். குழலுக்குச் சொல் வராது என்றாலும் பாட்டுத் தெரிந்தவர் காதில் அது உறுத்தும். இன்னொரு நுட்பம்: மூச்சுக்கு வேண்டிய நேரத்தை அடுத்த சுரத்திலிருந்து எடுக்காதீர்கள், முந்தின சுரத்தின் வாலிலிருந்து எடுங்கள். முந்தின சுரம் இம்மியளவு குறைந்தால் யாருக்கும் தெரியாது. அடுத்த சுரம் தாமதமாக வந்தால் தாளம் தட்டுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். வாயின் ஓரங்களைச் சற்றே திறந்து, குழலை உதட்டிலிருந்து எடுக்காமல் சட்டென்று இழுக்கப் பழகுங்கள். மூக்கால் மட்டும் இழுத்தால் மெதுவாகத்தான் வரும். அது நீண்ட ஓய்வு உள்ள இடங்களுக்கு.

பலூன் வேண்டாம். பலூனுக்கு அழுத்தம் வேண்டும், கன்னம் உப்ப வேண்டும், தொண்டை முட்ட வேண்டும்; மூன்றும் குழலுக்கு எதிரி. பிராணாயாமத்தில் இரண்டு நாசியிலும் மாறி மாறி மெதுவாக இழுத்து விடுகிற நாடிசுத்தி நல்லது, மனசும் அடங்கும். ஆனால் மூச்சை உள்ளே அடைத்து வைக்கிற கும்பகத்தைக் குழலுக்காகச் செய்ய வேண்டியதில்லை, அதிலும் வீசிங் உள்ளவர் தானாகத் தொடங்கவே கூடாது. வேகமான நடை போதும்.

இப்போது வீசிங். இளைப்பு உள்ள பலர் காற்றுவாத்தியம் வாசிக்கிறார்கள். கட்டுப்பாட்டில் இருந்தால் தடை இல்லை. ஒருமுறை நெஞ்சக மருத்துவரைப் பார்த்து, குழல் கற்கிறேன் என்று சொல்லி, மூச்சுத் திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். ஊதி அளக்கிற எளிய சோதனைதான். இன்ஹேலர் கொடுத்திருந்தால் குழல் வாசிப்பதால் குணமாகிவிடும் என்று நம்பி அதை நிறுத்தாதீர்கள். உங்கள் வேலை பற்றி ஒன்று கேட்க வேண்டும்: ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வாரம் போகப் போகக் குறைகிறதா? அது பஞ்சுத் தூசு நெஞ்சைப் பாதிப்பதன் அடையாளம். நூல்மில்களில்தான் இது அதிகம். பனியன் கம்பெனியிலும் துணித்தூசு பறக்கிற இடங்கள் உண்டு. அப்படி இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். செக்கிங் டேபிளில் முகக்கவசம் போட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். மழைக்காலத்தில் இளைப்பு தலைகாட்டுகிற நாட்களில் விரல் பயிற்சி மட்டும் செய்து, வாயால் சுரம் சொல்லுங்கள். அதுவும் பயிற்சிதான்.

குழலையும் ஒரு பார்வை பாருங்கள். என்ன கட்டை (சுருதி அளவு) என்று நீங்கள் எழுதவில்லை. 2, 3 கட்டைக் குழல் நீளமானது, உள்விட்டம் பெரியது, காற்றும் கூடுதலாகக் கேட்கும். கற்கிற காலத்துக்கு 5 அல்லது 5½ கட்டை போதும். அந்தியூர்த் திருவிழா போன்ற இடங்களில் கடை போட்டு விற்கிற குழல்கள் குழந்தைகள் விளையாட நன்றாக இருக்கும், அவற்றில் சுருதியை எதிர்பார்க்க முடியாது. மூங்கிலில் முடி போல விரிசல் இருந்தாலும் காற்று கசிந்து, எவ்வளவு ஊதினாலும் மந்திர ஸ்தாயி பேசாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசுகிற மாதங்களில் நம் பக்கம் மூங்கில் காய்ந்து வெடிக்கும். உள்ளே லேசாக எண்ணெய் தடவித் துணிப்பையில் வையுங்கள். அந்தக் காற்றில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். உதட்டிலிருந்து விளிம்புக்குப் போகிற காற்றை வெளிக்காற்று கலைத்துவிடும். உங்களுக்கோ மூச்சுப் போதவில்லை என்று தோன்றும்.

கடைசியாகத் தைப்பூசம். நடந்துகொண்டே வாசிக்க நினைக்காதீர்கள். நடைக்கு உடம்பு கேட்கிற மூச்சைக் குழலுக்குத் தர முடியாது, ஒவ்வோர் அடிக்கும் உதடும் விளிம்பும் விலகும். இரவு தங்குகிற இடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பஜனை பாடுவீர்களே, அங்கே வாசியுங்கள். பஜனையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நீங்கள் திருப்பிப் பாடுகிற அடிகளுக்கு மட்டும் வாசித்தால் ஒவ்வோர் அடிக்கும் நடுவே ஒரு முழு அடி ஓய்வு கிடைக்கும். மூக்கால் நிதானமாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தார ஸ்தாயிக்குப் போகாத மெட்டுகளாக இரண்டு தேர்ந்தெடுங்கள். குழுவில் பாடுகிறவர் என்ன சுருதியில் பாடுவார் என்பதை இப்போதே கேட்டுவையுங்கள். உங்கள் குழல் 5 கட்டையாக இருந்து அவர் ஒரு கட்டையில் பாடினால் ம-வை ஸ-வாக வைத்தோ வேறு குழல் வாங்கியோதான் சமாளிக்க வேண்டும். அதை உங்கள் ஆசிரியரிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமையே பேசுங்கள். தையில் போய்க் கேட்டால் அவருக்கும் நேரம் இருக்காது.